வாலை மறந்து தேடுங்கள்: அரசவால் ஈப்பிடிப்பானை இனங்கண்டு நோக்கும் முறை

அரசவால் ஈப்பிடிப்பானைத் தேடிக் காட்டுக்குள் செல்பவர்களில் பெரும்பாலோர் பறவையைத் தேடுவதில்லை. அதன் வாலைத் தேடுகிறார்கள். மர நிழலில் வெள்ளைப் பட்டு நாடாக்கள் இரண்டு அலையலையாய் நெளிந்து செல்வதை ஒரு முறை பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது என்பது உண்மைதான். ஆனால் அந்த நீண்ட வால் முழு வளர்ச்சியடைந்த ஆணுக்கு மட்டுமே உரியது. பெண்ணுக்கு அது எப்போதும் இல்லை. இளம் ஆணுக்கு இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டு வரை இல்லை. ஆகவே வாலை மட்டும் எதிர்பார்த்து நிற்பவர், கண்ணெதிரே இரண்டு மூன்று அரசவால் ஈப்பிடிப்பான்கள் பூச்சி பிடித்துக்கொண்டிருந்தாலும், ஏதோ ஒரு கொண்டைக் குருவி என்று கடந்து போய்விடுகிறார். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் கடந்து போயிருக்கிறேன். வால் இல்லாத நிலையிலும் இந்தப் பறவையை எப்படித் தேடுவது, எப்படி அடையாளம் காண்பது, அதன் அன்றாட வாழ்க்கையையும் இனப்பெருக்கத்தையும் தொந்தரவு செய்யாமல் எப்படி நோக்குவது என்பதை இங்கே விளக்குகிறேன்.

பெயரைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுவது நல்லது. ஈப்பிடிப்பான் என்று அழைத்தாலும், நீலமேனி ஈப்பிடிப்பான், நீலகிரி ஈப்பிடிப்பான் போன்றவை அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்ததல்ல இது. மொனார்க்கிடே என்னும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. பறக்கும் பூச்சியைக் காற்றிலேயே பிடிக்கும் பழக்கம் இரு குடும்பங்களுக்கும் பொதுவாக இருப்பதால் பெயரும் பொதுவாகிவிட்டது. 1758-இல் இதற்கு அறிவியல் பெயரிட்ட லின்னேயஸ் இதைக் காக்கைகளின் பேரினத்தில் வைத்தார். இன்று இதன் பெயர் டெர்ப்சிஃபோனே பாரடைசி. கிழக்காசியப் பறவைகளையும் தென்கிழக்காசியப் பறவைகளையும் இதனுடன் சேர்த்து ஒரே இனமாகக் கருதிவந்தார்கள். பின்னர் அவை மூன்று இனங்களாகப் பிரிக்கப்பட்டதால், பழைய கையேடுகளில் ஆசிய அரசவால் ஈப்பிடிப்பான் என்றும் புதியவற்றில் இந்திய அரசவால் ஈப்பிடிப்பான் என்றும் இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டியதில்லை. மத்தியப் பிரதேசத்தின் மாநிலப் பறவை இதுவே. அங்கே தூத்ராஜ், அதாவது பாலரசன், என்கிறார்கள். சிங்களத்தில் வெள்ளை ஆணுக்கு ‘ரெதி ஹொரா’, துணித் திருடன், என்று பெயர். எங்கோ உலர்ந்துகொண்டிருந்த துணியைக் கிழித்துத் தூக்கிக்கொண்டு பறப்பதுபோல் அது தோன்றுவதைப் பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. செம்பழுப்பு ஆணை ‘கினி ஹொரா’, தீத் திருடன், என்கிறார்கள்.

எங்கே, எப்போது

நிழல், ஈரம், பூச்சி ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கும் இடமே இதன் இடம். அடர்ந்த காட்டின் ஓடைக்கரை, மூங்கில் புதர்கள், மலையடிவார ஆற்றங்கரை மரங்கள், பழைய மரங்கள் நெருங்கி நிற்கும் தோப்புகள் ஆகியவற்றில் தேடுங்கள். வெட்டவெளியிலும் வயல்வெளியிலும் நேரத்தைச் செலவிட வேண்டாம். மர உச்சியையும் அதிகம் நோக்க வேண்டாம். இப்பறவை பெரும்பாலும் நடுக்கிளைகளிலும் அதற்குக் கீழேயும்தான் இயங்குகிறது. நம் தலைக்குச் சற்று மேலே, கிளைகளுக்கு இடையே கொஞ்சம் காற்றோட்டமான வெற்றிடம் இருக்கும் உயரத்தில் கண்களை ஓட்டுவதே சரி.

மேற்கு இமயமலையில் இனப்பெருக்கம் செய்பவை குளிர்காலத்தில் கீழே இறங்கிவிடுகின்றன. மத்திய இந்தியாவிலும் தென்னிந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்பவற்றில் பல, குளிர்காலத்தில் இன்னும் தெற்கே நகர்ந்து இலங்கை வரையிலும் செல்கின்றன. தமிழ்நாட்டுச் சமவெளியில் இருப்பவர்களுக்கு அக்டோபர் முதல் மார்ச் வரையிலான மாதங்களே சிறந்தவை. சென்னையில் கிண்டி தேசியப் பூங்கா போன்ற மரச்செறிவுள்ள இடங்களுக்குக்கூட அந்த மாதங்களில் இவை வருகின்றன. இலங்கையில் ஆண்டு முழுவதும் தங்கியிருக்கும் கிளையினத்தில் ஆண்கள் செம்பழுப்பு நிறத்தவையே. அங்கே நீள்வால் வெள்ளை ஆண் ஒன்றைக் கண்டால், அது பாக் நீரிணையைக் கடந்து வந்த விருந்தாளி என்று கொள்ளலாம். இருபது கிராம் அளவே எடையுள்ள ஓர் உடல், தன்னைவிட நீளமான வாலையும் இழுத்துக்கொண்டு கடலைக் கடக்கிறது என்பதை ஒரு கணம் நின்று எண்ணிப் பார்க்கத் தோன்றும்.

காதால் தொடங்குங்கள்

இவ்வளவு அழகான பறவையின் குரலும் இனிமையாக இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். அதன் வழக்கமான அழைப்பு, எண்ணெயிடாத கதவுக் கீல் உராய்வதுபோல் ‘க்ரீச்’ என்று வரும் கரகரத்த மூக்கொலி. இனப்பெருக்கக் காலத்தில் மென்மையான ஒரு பாட்டும் உண்டு. ஆனால் பறவையைக் கண்டுபிடிக்க உதவுவது அந்தக் கீச்சொலிதான். பறவையைத் தேடி நடப்பதற்கு முன், ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்து கால்மணி நேரம் காது கொடுங்கள். ஒலி வந்த திசையில் உடனே பைனாகுலரை உயர்த்தாதீர்கள். முதலில் வெறும் கண்ணால் அந்தப் பக்கத்து நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தால், கிளைவிட்டுக் கிளை தாவும் அசைவு தானாகவே பிடிபடும். அதன் பிறகு பைனாகுலரை உயர்த்தினால் பறவை அதற்குள் இருக்கும். நிழலில் இயங்கும் பறவை என்பதால் 8×42 (எட்டு மடங்கு உருப்பெருக்கம், 42 மில்லிமீட்டர் முகப்பு வில்லை) போன்ற, அதிக ஒளியை உள்வாங்கும் கருவி நல்லது. உருப்பெருக்கம் கூடினால் கை நடுக்கமும் கூடும், பார்வைப் பரப்பும் குறுகும்.

கைப்பேசியில் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு இதை வரவழைப்பது எளிது. தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். தன் எல்லைக்குள் வேறொரு ஆண் புகுந்துவிட்டது என்று நம்பி அது இரை தேடுவதை விட்டுவிட்டு வருகிறது. கூட்டில் குஞ்சு இருக்கும் நாட்களில் அந்த நேர இழப்பைக் குஞ்சுகளே சுமக்கின்றன.

மற்றொரு வழியும் உண்டு. குளிர்காலத்தில் காட்டில் பல இனப் பறவைகள் ஒன்றாகச் சேர்ந்து இரை தேடிக்கொண்டு நகரும். மின்சிட்டுகள், மாம்பழச்சிட்டுகள், கரிச்சான்கள் ஆகியவை ஒரே நேரத்தில் ஒரே மரத்தில் பரபரக்கத் தொடங்கினால் அங்கேயே நின்றுவிடுங்கள். மற்றவை கிளறிவிடும் பூச்சிகளைப் பிடிக்க அரசவால் ஈப்பிடிப்பானும் அந்தக் கூட்டத்தோடு வருவது வழக்கம். அது கூட்டத்தின் நடுவிலோ பின்னாலோ இருக்கலாம் என்பதால், முன்னால் வந்தவை கடந்துபோன பிறகும் ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள்.

தலையிலிருந்து பாருங்கள்

பறவை கிடைத்தவுடன் கண் வாலுக்குப் போகும். அதைக் கட்டுப்படுத்தித் தலையிலிருந்து கீழ்நோக்கி வாருங்கள்; இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் இனம், பால், ஏறத்தாழ வயது ஆகிய மூன்றையும் ஒரே பார்வையில் சொல்லிவிடலாம்.

தலை கறுப்பு; அதில் நீலம் கலந்த மினுமினுப்பு; பின்னோக்கி நிற்கும் கூர்மையான கொண்டை. கண்ணைச் சுற்றி நீல வளையம். அலகு கறுப்பு, அடிப்பகுதியில் அகன்றது. அலகின் இருபக்கமும் மயிர்போன்ற விறைப்பான இழைகள் இருக்கும். அகன்ற வாயும் இந்த இழைகளும் காற்றில் பூச்சி பிடிக்கும் பறவைகளில் பொதுவாகக் காணப்படும் அமைப்புகள். ஆணின் நீண்ட நாடாக்களைக் கணக்கில் சேர்க்காவிட்டால் பறவை சின்னான் (புல்புல்) அளவே, அதைவிட மெலிவாகவும் தோன்றும். வழக்கமான நீளம் 19 முதல் 22 சென்டிமீட்டர். கால்கள் குட்டையானவை, அதனாலேயே கிளையில் உட்காரும்போது உடலை நேராக நிமிர்த்தி உட்காரும். தொலைவில் நிறம் தெரியாத ஒளியிலும் இந்த நிமிர்ந்த இருக்கையும் கொண்டையும் சேர்ந்தே பறவையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது தொண்டையைப் பாருங்கள். பாலையும் வயதையும் பிரிப்பதில் தொண்டையைவிட நம்பகமான அடையாளம் இல்லை. பெண்ணுக்குத் தொண்டையும் மார்பும் சாம்பல் நிறம். தலையின் கறுப்புக்கும் வயிற்றின் வெளுப்புக்கும் இடையே அந்தச் சாம்பல் ஒரு மென்மையான இணைப்பாக இருக்கும். முதுகும் இறக்கையும் வாலும் செம்பழுப்பு, வால் குட்டை. இளம் ஆண் பார்வைக்குக் கிட்டத்தட்டப் பெண்ணைப் போலவே இருந்தாலும், அதன் தொண்டை கறுத்திருக்கும், கண்வளையமும் பளிச்சென்ற நீலமாக இருக்கும். குட்டைவாலுடன் கறுத்த தொண்டை தெரிந்தால் அதை இளம் ஆண் என்று குறிப்பேட்டில் எழுதலாம். நீள இறகுகள் உதிர்ந்து மீண்டும் முளைத்துக்கொண்டிருக்கும் வளர்ந்த ஆணும் சில வாரங்களுக்கு இப்படித் தோன்றக்கூடும் என்பதால், வாலின் நடுவே அரைகுறையாக நீண்ட இறகு ஏதேனும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வளர்ந்த ஆணுக்கு வாலின் நடு இறகுகள் இரண்டு, நாடாபோல் நீண்டு தொங்கும். 24 சென்டிமீட்டர் இயல்பு, 30 வரையும் நீள்வதுண்டு. நிறத்தில் இருவகை உண்டு. ஒருவகை ஆண் முதுகும் வாலும் செம்பழுப்பாக, வயிறு வெளுத்திருக்கும். மற்றவகை ஆணுக்குத் தலையைத் தவிர உடல் முழுவதும் தூய வெள்ளை. இறக்கை, வால் இறகுகளின் நடுத்தண்டிலும் சில வேளைகளில் விளிம்பிலும் மெல்லிய கறுப்புக் கோடுகள் ஓடும். இவற்றை இரு வேறு இனங்கள் என்றோ, செம்பழுப்பானது பெண் என்றோ கருதுவது பரவலான தவறு. செம்பழுப்பு ஆண்கள் எல்லாம் வயதானால் வெள்ளையாகிவிடும் என்று உறுதியாகச் சொல்பவர்களும் உண்டு. அது எல்லா இடத்துக்கும் பொருந்தாது, இலங்கையின் உள்ளூர்ப் பறவைகளே அதற்குச் சான்று. இளமையில் எல்லா ஆண்களும் செம்பழுப்பு என்பதும், நீள்வால் பெற்ற பிறகு சில வெள்ளையாகவும் சில செம்பழுப்பாகவும் இருக்கின்றன என்பதும், பாதி வெள்ளையும் பாதி செம்பழுப்புமாக இடைநிலையில் சில தென்படுகின்றன என்பதும் மட்டும் நினைவிலிருந்தால் போதும்.

குழப்பம் தரக்கூடியவை சிலவே. வால்காக்கையும் செம்பழுப்பு நிறமும் நீண்ட வாலும் உடையது; ஆனால் அது மிகப் பெரியது, கொண்டை இல்லாதது, இறக்கையில் சாம்பல் பட்டை உடையது, வால் நுனி கறுத்தது. சின்னான்களுக்குக் கொண்டை உண்டு, எனினும் அவை பழம் தேடிக் கிளையில் நகருமே தவிர, காற்றில் பாய்ந்து பூச்சி பிடிப்பதை முழுநேர வேலையாகச் செய்வதில்லை. செம்பழுப்பு முதுகும் அவற்றுக்கு இல்லை. ஐயம் வந்தால் அது எப்படி இரை பிடிக்கிறது என்று இரண்டு நிமிடம் பாருங்கள்.

இரையும் குளியலும்

நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் பறவை தலையை இங்கும் அங்கும் திருப்பிக்கொண்டேயிருக்கும். சட்டென்று கிளையை விட்டுப் பாயும். காற்றில் ஒரு வளைவு. அலகு மூடும் மெல்லிய ஒலிகூட அருகில் இருந்தால் கேட்கும். பிறகு வேறொரு கிளையில் உட்காரும். பஞ்சுருட்டான் ஒரே கம்பிக்குத் திரும்பத் திரும்ப வருவதைப்போல இதுவும் பழைய கிளைக்கே வரும் என்று அங்கேயே கேமராவைக் குறிவைத்துக் காத்திருந்தால் பல முறை ஏமாற நேரிடும். இது காட்டின் கீழடுக்கில் தொடர்ந்து நகர்ந்துகொண்டே வேட்டையாடுகிறது. ஈக்கள், அந்துப்பூச்சிகள், வண்டுகள், வண்ணத்துப்பூச்சிகள், ஊசித்தட்டான்கள் ஆகியவை இதன் உணவு. நீள்வால் ஆண் நெருக்கமான மூங்கில்களுக்கிடையே திரும்பும்போது, உடல் திரும்பிய பிறகு ஒரு கணம் கழித்தே வால் அந்தத் திருப்பத்தைப் பின்தொடரும். அவ்வளவு நீள வாலும் எங்கும் சிக்காமல் வெளிவருவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலித்ததில்லை.

நன்றாகப் பார்க்க விரும்புபவர்களுக்கு நான் தரும் முதன்மையான யோசனை, பிற்பகலில் நீர்நிலைக்கு அருகே காத்திருங்கள் என்பதே. பெரிய ஏரி தேவையில்லை. ஓடை வற்றிய பின் பாறையிடுக்கில் தேங்கிய, நிழல் விழும் சிறு குட்டையே சிறந்தது. பிற்பகலில், தாழ்ந்த கிளையிலிருந்து நேரே நீரில் பாய்ந்து, உடலை நனைத்துக்கொண்டு, நொடியில் கிளைக்குத் திரும்புவது இதன் வழக்கம். பல முறை அப்படிப் பாய்ந்த பிறகு, ஒரே கிளையில் நிலைத்து உட்கார்ந்து இறகு கோதும். வேட்டையின்போது இரண்டு நொடிகூட நிற்காத பறவை அப்போதுதான் நிற்கிறது. கண்வளையத்தின் நீலத்தையும் தொண்டையின் நிறத்தையும் ஐயமறப் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு அதுவே. குட்டையிலிருந்து பதினைந்து இருபது அடி தள்ளி, மரத்தில் முதுகைச் சாய்த்து, மங்கலான நிற உடையில் உட்காருங்கள். அருகே நின்றால் உங்களுக்குப் பயந்து நீருக்கு வராமல் போவது இந்த ஒரு பறவை மட்டுமல்ல. கோடையில் அந்தக் குட்டையை நம்பியிருக்கும் மற்ற உயிர்களும் தாகத்தோடு திரும்பிப்போகும்.

பார்த்ததை அன்றே எழுதிவிடுங்கள். நாள், நேரம், இடம், பறவைகளின் எண்ணிக்கை ஆகியவற்றோடு, தொண்டை நிறம், வால் நீளம், ஆணாயின் வெள்ளையா செம்பழுப்பா என்பதையும் தனித்தனியே குறியுங்கள். இந்தப் பிரிவு இல்லாத குறிப்பு பாதிக் குறிப்புதான். பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்டு போன்ற இணையதளத்தில் பட்டியலாகப் பதிந்தாலும், பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் சேர்த்தாலும், குறிப்புப் பகுதியில் இவற்றை எழுதலாம். எந்த வாரத்தில் முதல் பறவை உங்கள் பகுதிக்கு வந்தது, எந்த வாரத்தில் கடைசிப் பறவை போனது என்ற இரண்டு தேதிகளை ஆண்டுதோறும் பதிவுசெய்தால், அதற்கு ஈடான உள்ளூர்த் தகவல் வேறில்லை.

கூடு முதல் குஞ்சு வரை

இனப்பெருக்கம் பெரும்பாலும் மே முதல் ஜூலை வரை. ஆணும் பெண்ணும் இணையாக வாழ்ந்து, கூடு கட்டுவது, அடைகாப்பது, குஞ்சுகளுக்குக் கதகதப்பளிப்பது, உணவூட்டுவது ஆகிய எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்கின்றன. நீள்வால் இன்னும் முளைக்காத இளம் ஆணும் துணை சேர்ந்து குஞ்சு வளர்ப்பதுண்டு. ஆகவே கூட்டருகே இரண்டு குட்டைவால் பறவைகளைக் கண்டு, ஆண் எங்கே என்று தேட வேண்டாம், தொண்டையைப் பாருங்கள்.

கூடு ஆழமான சிறு கிண்ணம். மெல்லிய புல், நார், வேரிழை, சிறு குச்சி ஆகியவற்றால் பின்னி, வெளிப்புறம் சிலந்தி வலையைப் பூசி இறுக்குகின்றன. சிலந்தியின் வெண்ணிற முட்டைப்பைகளும் அதில் ஒட்டியிருக்கும். தாழ்ந்த கிளையின் நுனிக் கவட்டில், பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு மீட்டர் உயரத்தில் அது அமைந்திருக்கும். கரிச்சான் இணை கூடு கட்டிய மரத்துக்கு அருகிலேயே சில வேளை இவையும் கட்டுகின்றன. காக்கையையும் வல்லூறையும் துரத்துவதில் கரிச்சானுக்கு நிகரில்லை. அந்தக் காவல் பக்கத்துக் கூட்டுக்கும் பயன்படுகிறது. கரிச்சான் ஒன்று ஆவேசமாகப் பறவைகளை விரட்டிக்கொண்டிருப்பதைக் கண்டால், அதைச் சுற்றிய தாழ்கிளைகளைத் தொலைவிலிருந்தே பைனாகுலரால் துழாவிப் பாருங்கள்.

முட்டைகள் மூன்று அல்லது நான்கு. வெளிர் இளஞ்சிவப்பில் செம்பழுப்புப் புள்ளிகள். அடைகாப்பு 14 முதல் 16 நாட்கள். ஆண் அடைகாக்கும் முறை வரும்போது, கிண்ணத்துக்குள் உடலை அடக்கிக்கொண்டு, வாலை மட்டும் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு அமர்ந்திருக்கும். மறைவாக இருக்க வேண்டிய கூட்டுக்கு வெளியே வெள்ளை நாடா காற்றில் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது நமக்கே பதற்றமாக இருக்கும். இருந்தும் அது தன் பங்கை விட்டுக்கொடுப்பதில்லை. இந்தப் பறவையிடம் வாலழகைவிட நான் மதிப்பது இதைத்தான்.

குஞ்சுகள் கண் திறக்காமல், இறகில்லாமல் பிறக்கின்றன; 9 முதல் 12 நாட்களுக்குள் கூட்டை விட்டு வெளியேறிவிடுகின்றன. கணக்கிட்டுப் பாருங்கள்: முதல் முட்டை இட்ட நாளிலிருந்து ஏறக்குறைய ஒரு மாதம். அந்த ஒரு மாதமும் நாம் செய்யக்கூடாதவை சில உண்டு. கூட்டைப் படமெடுப்பதற்காக மறைக்கும் இலைகளையோ கிளையையோ விலக்காதீர்கள். அந்த இலைதான் வெயிலையும் காக்கையின் கண்ணையும் தடுத்துக்கொண்டிருக்கிறது. நாள்தோறும் ஒரே வழியாகக் கூட்டுக்குச் சென்று தடம் உண்டாக்காதீர்கள். கூடு இருக்கும் இடத்தைக் குழுக்களில் பகிராதீர்கள். பெற்றோர் வாயில் பூச்சியுடன் வந்து, கூட்டுக்குள் போகாமல் அருகிலுள்ள கிளையில் தயங்கிக் கத்தினால், நீங்கள் நிற்கும் தொலைவு போதவில்லை என்று பொருள், உடனே பின்வாங்குங்கள். இந்தியாவில் காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவது மட்டுமல்ல, முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்னும் வரையறைக்குள் அடங்குகிறது.

கூட்டைவிட்டு வந்த குஞ்சுக்கு உடனே நன்றாகப் பறக்கத் தெரியாது. வால் முளைத்தும் முளைக்காமலும், புதருக்குள் தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து, பெற்றோர் ஊட்டுவதற்காகக் கத்திக்கொண்டிருக்கும். அதைக் கீழே விழுந்த அனாதைக் குஞ்சு என்று நினைத்து வீட்டுக்கு எடுத்து வருபவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்யாமல் ஒதுங்கி நின்றால், சில நிமிடங்களில் தாயோ தந்தையோ பூச்சியுடன் வருவதைப் பார்க்கலாம். தரையிலேயே கிடந்து பூனைக்கு இரையாகும் நிலையில் இருந்தால் மட்டும், மெதுவாக எடுத்து அருகிலுள்ள தாழ்ந்த கிளையில் உட்கார வைத்துவிட்டு விலகுங்கள்.

பெற்றோரைச் சார்ந்திருக்கும் அந்த நாட்கள் முடிந்ததும் குஞ்சுகள் தாமே இரை பிடிக்கத் தொடங்குகின்றன. அப்போது எல்லாமே பெண்ணைப் போன்ற செம்பழுப்பு நிறத்தில், குட்டைவாலுடன் இருக்கும். குளிர்காலத்தில் உங்கள் ஊர்த் தோப்புக்கு வந்து சேரும் குட்டைவால் பறவைகளில் ஒரு பங்கு, சில மாதங்களுக்கு முன் சிலந்திநூல் கிண்ணத்திலிருந்து வெளிவந்தவைதான். தொண்டை கறுத்த ஒன்றை ஒரு பருவத்தில் குறித்து வைத்துக்கொண்டு, அதே ஓடை வளைவுக்கு அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் போய்ப் பாருங்கள். வால் நடுவே இரண்டு இறகுகள் மற்றவற்றைத் தாண்டி நீளத் தொடங்கிய ஆண் ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கக்கூடும்.